கிணற்றுக்குப் பதினாறு அடி

அக்டோபர் 9
நாலு நாளாக மழை. வீட்டுக் கிணற்றில் ஒரு ஆள் உயரம் தண்ணீர் ஏறியிருக்கிறது. சேந்தும்போது லேசாக ஒரு வாடை. இலை ஏதாவது ஊறியிருக்கும்.

அக்டோபர் 27
பக்கத்து வீட்டு ஆரோக்கியராஜுக்கு மஞ்சள் காமாலை. மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி லோடு ஓட்டுகிறவன். இரண்டு மாதம் வண்டியைத் தொடக் கூடாதாம். குழாய்த் தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது, அவர்களும் குடிப்பது நம் கிணற்றுத் தண்ணீர்தான். நான் முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சித்தான் குடிக்கிறேன். அவர்கள் அப்படியே குடிப்பார்கள். சுகாதார ஆய்வாளர் வந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார்.

நவம்பர் 4
தண்ணீரில் மலக்கிருமி. ஆய்வாளர் டேப் வைத்து அளந்தார். கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் பதினாறு அடி. ஐம்பது அடியாவது இருக்கணும்மா, அதுவும் குழி மேட்டுல இருக்குது என்றார்.
அந்தக் குழி என் வீட்டுக்காரர் போட்டது. சாவதற்கு முந்தின வருஷம்.

நவம்பர் 5
கல்யாணமான மறு கோடையில் வெட்டிய கிணறு. அவர் உள்ளே கடப்பாரையோடு, நான் மேலே கயிற்றோடு. மண்கூடை இழுத்து இழுத்து உள்ளங்கை பிய்ந்துபோனது. முப்பத்தெட்டாவது அடியில் ஊற்று கண்டபோது அவர் கத்தவில்லை, கூப்பிடவில்லை. ஒரு கூடை ஈரமண்ணை மேலே அனுப்பினார். தொட்டுப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. எட்டிப் பார்த்தால், மூஞ்சியெல்லாம் சேறாக, கீழே நின்று சிரிக்கிறார்.
சித்திரை தவறாமல் இறங்கித் தூர் வாருவார். கல் இடுக்கில் அரசங்கன்று முளைத்தால் அன்றே பிடுங்கிவிடுவார். அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த மனுஷன் குழியை எப்படி அங்கே வெட்டினார்? தெரியாமலா?

நவம்பர் 9
மகன் மாதேஷ் ஓசூரிலிருந்து பேசினான். கிணற்றை மூடிவிட்டு போர் போட்டுக்கொள்ளலாம் என்கிறான். யோசிக்கிறேன் என்றேன்.

நவம்பர் 11
கஞ்சி எடுத்துக்கொண்டு ஆரோக்கியராஜைப் பார்க்கப் போனேன். அவன் பெண்டாட்டி ஜாஸ்மின் முகம் பார்க்காமல் தூக்கை வாங்கி வைத்தாள். மூலையில் கேன் தண்ணீர். குழி வெட்டும்போது நீயும்தானே கூட இருந்தாய் என்று அவனிடம் கேட்டே விட்டேன். எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.
“பள்ளத்துப் பக்கம் தள்ளிப் போடலாம்னு அண்ணன்கிட்ட சொன்னேங்க்கா. உங்க அக்காவால அவ்ளோ தூரம் நடக்க முடியாதுடான்னாரு. அதுக்கு மேல பேச எனக்கு மனசு வரல.”
என் முட்டிக்காகவா? எனக்காகவா நாலு பேர் குடிக்கிற தண்ணிய— ஒரு வார்த்த சொல்லியிருந்தா நடந்திருப்பனே. தவழ்ந்தாவது போயிருப்பனே.

நவம்பர் 13
மாதேஷிடம் சொல்லிவிட்டேன். கிணறு இருக்கட்டும். குழிதான் போக வேண்டும்.

நவம்பர் 18
கொத்தனார் முனிராஜ் வந்தார். கக்கூஸை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் பள்ளத்துக்கு இழுக்கலாமா என்று கேட்டேன். கிணற்றை ஒட்டித்தான் குழாய் போகும், கசிந்தால் பழைய கதைதான் என்றார். பள்ளத்து மூலையில் புதிதாகவே கட்டச் சொன்னேன்.

டிசம்பர் 2
லாரி வந்து பழைய குழியை உறிஞ்சிப் போனது. சுண்ணாம்பு கொட்டி, மண் போட்டு மூடினார்கள். பழைய கக்கூஸின் உள்சுவரில், என் கை எட்டும் உயரத்தில், பிடித்து எழுந்திருக்க அவர் பதித்த இரும்புப்பிடி. இடிக்காமல் நின்றார் முனிராஜ். கழற்றிப் புதியதில் பதித்துவிடுங்கள் என்றேன். பிறகு உள்ளே வந்து கொஞ்சம் அழுதேன்.

டிசம்பர் 4
மோட்டார் வைத்துக் கிணறு முழுக்க இறைத்தோம். அவர் போன பிறகு சேர்ந்த மூன்று வருஷச் சேறு. கல்கட்டைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, வாய்க்கு வலை போட்டாயிற்று. ஒரு மாதம் கழித்து மறுபடி சோதனை.

ஜனவரி 6
தண்ணீர் சுத்தம். தாளை ஜாஸ்மினிடம் காட்டினேன். படித்துவிட்டு, சரிங்க்கா என்றாள். அவ்வளவுதான்.

ஜனவரி 8
கேன் வண்டி இன்றும் அவர்கள் வாசலில்தான் நின்றது. கேட்க எனக்கு ஏது வாய்?

ஜனவரி 19
பொங்கல் கழிந்து ஆரோக்கியராஜ் நேற்று முதல் லோடு எடுத்தான்.
காலையில் பள்ளத்து மூலைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். எழுபத்திரண்டு எட்டு வைக்க வேண்டும். முட்டி வலிக்கத்தான் செய்கிறது. பாதி வழியில் கிணற்று உருளைச் சத்தம். ஜாஸ்மின் சேந்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு குடம் நிறைந்திருந்தது. என்னைப் பார்த்துக் கயிற்றை நிறுத்தினாள்.
“மெதுவா வாங்க்கா, பனியில வழுக்குது.”
மூன்றாவது குடத்தையும் நிரப்பி, நம் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.