அறிவித்தலின் மூலையில் உங்கள் பெயர்

என் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் உரிய ஜேக்கப் அண்ணனுக்கு,

நீங்கள் போய் இருபத்திரண்டு நாளாகிறது. மாலையோடு வந்தவர்கள் எல்லாரும் உங்களைப் பற்றி நல்ல வார்த்தை நாலு சொன்னார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சேமக்காலையில் மண் போடும்போதுகூட வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வந்து விழுமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

முந்தநாள் அச்சுக்கூட முதலாளி கூப்பிட்டார். உங்களுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். அட்டைக்கு அந்த மண்டூர் முருகன் கோயில் திருவிழா அறிவித்தல்தான் வேண்டுமாம். அதை அடித்த பழைய மரப் புளொக், அந்த அச்சுக் கட்டை, வெடித்துக் கிடக்கிறது. "நீதான் புள்ள புதுசா வெட்டித் தரணும். உன்ட கைக்குத்தான் ஜேக்கப்ட கோடு அப்படியே வருகுது" என்றார்.

என் கைக்கு உங்கள் கோடு வருகிறதாம்! சிரிக்கவா அண்ணன், அழவா?

இந்தக் கடிதத்தை ஊரும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆகையால் உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எவ்வளவோ பொறுத்தேன்.

பழுகாமத்திலிருந்து கோட்டைமுனை மாமி வீட்டுக்கு வந்து, அச்சுக்கூடத்தில் தாள் மடிக்கச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. சோடாப் போத்தல் லேபிள், நாடக நோட்டீஸ், கலியாண அழைப்பு, எல்லாவற்றையும் வரைகிறவர் நீங்கள். கழிவுத் தாளில் நான் எழுத்துக் கீறிக்கொண்டிருந்ததை ஒருநாள் கண்டுவிட்டீர்கள்.

"ஆரு புள்ள உனக்கு இப்பிடிக் கீறக் காட்டித் தந்த?"

"ஒருத்தருமில்ல."

"அப்ப நான் காட்டித் தாறன். இஞ்ச வா."

காட்டித் தந்தீர்கள். அதை நான் மறைக்கமாட்டேன். எழுத்தை வரையாதே, இரண்டு எழுத்துக்கு நடுவில் கிடக்கிற வெள்ளையை வரை என்றீர்கள். தாளைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணைச் சுருக்கி, பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கவைத்தீர்கள். ஒரு ‘ழ’வுக்காக ஏழு நாள், ஒரு கிழமை முழுக்க, என்னை நாய் படாத பாடு படுத்தினீர்கள். ஊரில் வேறு எந்த ஆம்பிளை ஒரு பெண்பிள்ளைக்கு இந்தத் தொழிலைக் காட்டித் தந்திருப்பான்? ஒருத்தனும் இல்லை. அதனால்தான் இந்தக் கோபம் ஆறமாட்டேன் என்கிறது.

மூன்றாம் வருஷம் மண்டூர் அறிவித்தல் வேலை வந்தது. நீங்கள் வள்ளி, தெய்வானை, மயில், வேல் என்று தாள் கொள்ளாமல் முருகனை வரைந்து முடித்திருந்தீர்கள். அழகுதான். ஆனால் நான் விடவில்லை.

"அண்ணன், இது ஏலா. மண்டூரில சாமிய ஆரும் காணுறல்ல. திரைக்கு அங்காலதான் பூசை. செய்யிறவர் வாயைக் கட்டிக்கொண்டுதான் உள்ளுக்குப் போவார். இதைக் கொண்டு போனா ஊரே ஏசும்."

நீங்கள் மெதடிஸ்த சபை ஆள். உங்களுக்கு எப்படித் தெரியும்? அதில் ஒரு குற்றமும் இல்லை. அன்று பின்னேரமே நான் வேறொன்று வரைந்து காட்டினேன். மேலிருந்து கீழே ஒரு திரை, அதன் மடிப்புகள், அடியில் எழுத்து. வேறொன்றுமில்லை.

"நடுவில ஒண்டுமில்லாம என்னெண்டு விடுற?" என்று கேட்டீர்கள்.

"அதுதான் அண்ணன் மண்டூர்."

என் தாளைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தீர்கள். பிறகு உங்கள் படத்தை நீங்களே இரண்டாகக் கிழித்தீர்கள். அந்த நிமிஷத்தில் உங்களைப் போல ஒரு மனிதர் உலகத்திலேயே இல்லை என்று நினைத்தேன். புளொக்கையும் நானே வெட்டினேன்.

அறிவித்தல் ஒட்டிய சுவரைச் சனம் தொட்டுக் கண்ணில் ஒற்றியது. நானும் போய்ப் பார்த்தேன். வலது மூலையில், நான் வெட்டாத ஒரு கீறல். ‘ஜேக்கப்’.

நான் கேட்டேன், ஞாபகமிருக்கிறதா? "என்ட பேரு எங்க அண்ணன்?" நீங்கள் சிரித்தீர்கள். "பொம்புளப் புள்ளட பேரு தெருச் சுவரெல்லாம் ஒட்டிக் கிடந்தா உன்ட அப்பா என்ன சொல்லுவாரு?" என்னைக் காப்பாற்றுகிறீர்கள் என்று நம்பினேன். மடைச்சி!

அதற்குப் பிறகு நான் வரைந்த எல்லாவற்றின் மூலையிலும் நீங்கள்தான் இருந்தீர்கள்.

கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பனி ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன். அங்கிருந்த துரை நான் கொண்டுபோன மண்டூர் அறிவித்தலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மூலையில் விரலை வைத்தார். "ஜேக்கப் எண்டது யாரம்மா?" சொன்னேன். உங்களிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். ‘இது இவள் வரைந்தது.’ இவ்வளவும் எழுதினால் போதும்.

"தாறன் புள்ள, இந்தத் தேர்தல் நோட்டீஸ் முடியட்டும்." தேர்தல் முடிந்தது. "நத்தார் வாழ்த்து மட்டைகள் கிடக்கு, மறுகா பாப்பம்." கிறிஸ்மஸும் போய்ப் பொங்கலும் போனது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி. அந்த வேலை வேறொருவருக்குப் போனது. "நல்லதுக்குத்தான், கொழும்பு உனக்குச் சரிவராது" என்றீர்கள்.

ஏன் அண்ணன்? நான் போனால் உங்கள் வேலையை யார் செய்வது என்ற பயமா? இல்லை, அந்த ஒரு வரியை உங்கள் கையாலேயே எழுத வெட்கமா? உயிரோடு இருந்தபோது கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது கேட்கிறேன். நீங்கள் சௌகரியமாகப் பேசாமல் இருக்கிறீர்கள்.

முதலாளியிடம் சொன்னேன்: புளொக் வெட்டித் தருகிறேன், மூலையில் என் பெயர்தான் வரும் என்று. மனிதர் ஆடிப்போய்விட்டார். "செத்தவன்ட பேரை அழிக்கிறதா? உள்ளுக்கு ஒரு இடத்தில உதவி எண்டு உன்ட பேரைப் போடுவம். பாம்பும் சாகாம, தடியும் முறியாம."

மேரி அக்காவிடமும் போனேன். உங்கள் மனைவிக்கு மறைத்து ஒன்றும் செய்யக்கூடாது என்று நினைத்தேன். அவர் பதறவில்லை.

"அது உன்ட எண்டு எனக்குத் தெரியும் கா. அவருக்கும் தெரியும். ஒருநாள் சொல்லி அழுதவர். ஆனா இப்ப நீ சொன்னா என்ட புள்ளையள் எங்க மூஞ்சிய வைக்கிற? விட்டுரு கா, எனக்காக விட்டுரு."

அழுதீர்களாமே! என்னிடம் வந்து அழுதிருக்கக்கூடாதா?

ஏலாது அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். என் காய்ச்சலுக்குக் கஞ்சி காய்ச்சித் தந்த மனுஷி. இனி என்னோடு முகம் பார்த்துப் பேசமாட்டார். இருக்கும்போது என் பெயரை எடுத்தீர்கள். போகும்போது அக்காவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

ஆகவே கேளுங்கள். திரையை நேற்று வெட்டி முடித்துவிட்டேன், மூலையில் என் பெயரோடு. முதலாளி அச்சடிக்க மறுத்தால் வேறு அச்சுக்கூடத்தில் நானே அடித்துத் தெருத்தெருவாக ஒட்டுவேன். மலரில் எனக்கு ஒரு பக்கம் தந்தால், இந்தத் தொழிலை எனக்குக் காட்டித் தந்தவர் நீங்கள் என்று முதல் வரியிலேயே எழுதுவேன். அது உண்மை. அடுத்த வரியில் அந்தத் திரை என்னுடையது என்று எழுதுவேன். அதுவும் உண்மை. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஒருநாளும் எழுதமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. இந்த முறை உங்களிடம் கேட்கவில்லை அண்ணன், சொல்கிறேன்.

உங்களிடம் எழுத்துப் படித்த தங்கச்சி,
பழுகாமம் கந்தப்பன் நாகேஸ்வரி