காலி அறையின் வெப்பநிலை

மச்சானுக்கு,

இங்கே இருப்பவர்கள் இருக்கிறோம். நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. நீ அனுப்புகிற மாநாட்டுப் படங்களில் நன்றாகத்தான் இருக்கிறாய். கோட்டு உனக்குப் பொருந்துகிறது. உன் செல்ல மருமகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அப்பா மாதிரி நானும் வெப்ப ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றாள். உருப்படியாக வேறு எதையாவது படி என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன் தங்கையைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

நீ அங்கே பேசிய பேச்சின் வீடியோவை எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் போட்டுக் காட்டினார். ஆராய்ச்சி சட்டமாக வேண்டுமென்றால் ஆறு துறைகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று அழகாகச் சொன்னாய். உனக்குப் பின்னால் திரையில் பெரிய பூஜ்ஜியம் ஒன்று. நம் ஊரின் வெப்பத் திட்டம் வந்த முதல் கோடையில் வெயிலால் இறந்தவர்கள் யாரும் இல்லை என்பதற்கான பூஜ்ஜியம். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் கூடத்திலும் ஓரிருவர் தட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்தப் பூஜ்ஜியத்துக்குள் உன் அப்பா இருக்கிறார், மச்சான். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதினார்கள் என்பதற்காக அவர் அதிலிருந்து வெளியே வந்துவிட மாட்டார்.

அந்தத் திட்டத்தை எழுதிய மேசையை நான் மறக்கவில்லை. குழுவைக் கூட்டியவன் நீ, அளந்து காட்டியவன் நான். பகல் வெயிலைவிட, சூடு தணியாத இரவுதான் ஆளைக் கொல்கிறது என்று படம் போட்டு விளக்கினேன். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கூரை இரவெல்லாம் அறைக்குள் கக்குகிறது, மாடி அறையில் தனியாகப் படுக்கும் வயதானவர்கள்தான் முதலில் போகிறார்கள் என்றேன். வெயிலுக்கு மக்கள் ஒதுங்க நாம் திறக்கும் குளிர் கூடங்கள் இரவிலும் திறந்திருக்க வேண்டும் என்றேன். மின்வாரியத்துக்காரர் சிரித்தார். "சார், ராத்திரி வெயில் ஏது சார்? சூரியனே லீவு போட்டுட்டுப் போயிடுதே!" என்றார். மேசையே சிரித்தது. சுகாதார அதிகாரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ராத்திரி டூட்டின்னா என் நர்ஸுங்க என்னைத்தான் திட்டுவாங்க" என்றார். கூடத்துக்கு இருப்பது ஒரு வாட்ச்மேன்தான், அவரும் தூங்க வேண்டாமா என்றார் நகராட்சி ஆள்.

உன் வழக்கம் எனக்குத் தெரியும். யாராவது முகம் சுளித்தால் அந்த வரியை எடுத்து "அடுத்த கட்டம்" என்ற தலைப்பின் கீழே போட்டுவிடுவாய். சண்டை இல்லை, மனக்கசப்பு இல்லை, எல்லோரும் தேநீர் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்கும் என் பக்கம் குனிந்து, "விடு மாப்பிள்ளை, முதல்ல பகல் வரட்டும். ராத்திரியை அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்" என்றாய். ஒட்டுமொத்த இரவையும் அடுத்த கட்டத்தில் போட்ட ஒரே குழு உலகத்தில் நம்முடையதாகத்தான் இருக்கும். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடுகிறது, ஆகவே ஆபத்தும் ஐந்து மணிக்கு முடிகிறது. படித்தவர்கள் ஆறு பேர் கூடி எழுதிய திட்டம்.

மாமா உன் திட்டத்தை நம்பினார். என் பையன் போட்ட கூடம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு தினமும் போனார். பேப்பர் படிப்பார், கூட இருப்பவர்களோடு அரசியல் சண்டை போடுவார். இறந்த அன்றைக்கும் போனார். ஐந்து மணிக்கு வாட்ச்மேன், "பெரியவரே, மீதிச் சண்டையை நாளைக்கு வெச்சுக்கலாம்" என்று சொல்லிக் கதவைப் பூட்டியிருக்கிறார். தப்பான ஆள் இல்லை. இப்போதும் என்னைத் தெருவில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுகிறார். வீட்டுக்கு வந்த மாமாவைக் கீழேயே படுக்கச் சொன்னோம். என் கட்டில்தான் எனக்குச் சரி என்று மாடி அறைக்கு ஏறிப் போனார். கீழே எங்கள் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி மேலே எழுத என்னால் முடியாது.

நீ வந்தாய், காரியங்கள் முடிந்ததும் விமானம் ஏறினாய். மாடிப்படியில் கால் வைக்கவில்லை. நான் கவனித்தேன்.

இனி உன் தங்கை. ஆராய்ச்சிக்காகச் சில வீடுகளில் சின்ன வெப்பமானிகளை மாட்டியிருந்தேன் அல்லவா, மாமாவின் அறையிலும் ஒன்று உண்டு. அதைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. அது பாட்டுக்கு என் கணினிக்கு எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மற்ற வீடுகளோடு சேர்ந்து ஒரு கோடாக, ஆள் இல்லாத அறையின் சூடு. போன வாரம் காலையில் பார்த்தபோது அந்தக் கோடு மாறியிருந்தது. பூட்டிக் கிடக்கும் அறையில் முன்னிரவிலிருந்து சூடும் ஈரமும் மெல்ல ஏறியிருந்தன. அது எப்போது அப்படி ஏறும் என்று எனக்குத் தெரியும், வாழ்நாளெல்லாம் பார்த்த கோடு அது. உள்ளே ஒருவர் மூச்சு விட்டால்தான் அப்படி ஏறும். அந்த மூச்சு யாருடையது என்று முதலில் என் மனம் நினைத்ததை உனக்கு எழுதமாட்டேன்.

காபி கொண்டுவந்தவளிடம் கேட்டேன். மறைக்கவில்லை. நான் தூங்கிய பிறகு மேலே போய், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அப்பாவின் கட்டிலில் படுக்கிறாளாம். "கடைசியில அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்னு தெரிய வேணாமா?" என்றாள். வெயில் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. இன்னும் ஒரு மாதத்தில் அந்த அறை என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அவளுக்கு ரத்த அழுத்தம் இருப்பது உனக்குத் தெரியும். கெஞ்சினேன், கத்தினேன், பூட்டு மாற்றினேன். அன்று மொட்டைமாடியில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். சாவியைக் கொடுத்துவிட்டேன். கடைசியாக ஒன்று சொன்னாள். "அண்ணன் ஒரு தடவை அந்த ரூம்ல படுக்கட்டும். அப்புறம் நான் கீழ வந்துடறேன்."

இன்னொன்றும் இருக்கிறது. வெயில் உச்சத்துக்கு வருமுன் குழு மறுபடியும் கூடுகிறது. இரவிலும் கூடங்களைத் திறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மின்வாரியத்துக்காரர், இப்போது பெரிய பதவி, என்னைத் தனியாக அழைத்தார். "நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா நீங்க பேசினா எங்களைக் கூண்டுல ஏத்தின மாதிரி இருக்கு. உங்க மச்சானை வரச் சொல்லுங்க, அவர் உக்காந்தா நாங்களும் உக்காருவோம்" என்றார். கசந்தது. அந்தக் கசப்போடுதான் எழுதுகிறேன். என்னிடம் எண்கள் இருக்கின்றன. என் பக்கத்து நாற்காலியில் உட்காரத்தான் யாருக்கும் பிடிக்கவில்லை. உனக்கு அந்தக் குறை இல்லை. ஆட்களை உட்கார வைக்கத் தெரிந்தவன் நீ. இந்த முறை அவர்கள் முகம் சுளித்தாலும் எழுந்து போகாமல் இருக்க வை. அந்தக் கட்டிலில் ஒரு இரவு படுத்துவிட்டு நேராகக் கூட்டத்துக்குப் போனால், என்ன பேச வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

என் கோபம் என்னோடு இருக்கட்டும். நீ வருவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருக்கிறேன்.

அவள் மேலே போய்விட்டாள் போலிருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே திரையில் கோடு ஏறத் தொடங்கிவிட்டது.

நீ எந்நாளும் நல்ல காற்று வருகிற அறையில் தூங்க வேண்டும், மச்சான். ஒரே ஒரு இரவு தவிர.

உன் தங்கையின் கணவன்