அறுபத்து மூன்றாம் மனை

மார்ச் 3, செவ்வாய்

லேஅவுட் வரைபடத்தின் பதினான்கு ஷீட்டும் இன்று முடிந்தன. சாலை, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், எல்லாம். அறுபத்து இரண்டு மனைகள். நிலம் சரியும் வடமேற்கு மூலையில், மழைத் தண்ணீர் தேங்கி மெதுவாக வெளியேற ஒரு குளம். நான்கு செட்டையும் நானே மடித்தேன். மற்றவர்கள் மடித்தால் ஷீட்டின் பெயரும் எண்ணும் உள்ள தலைப்புப் பெட்டி உள்ளே போய்விடுகிறது.

தாடி வந்து பார்த்தான். கல்லூரியில் நாங்கள் வைத்த பேர். தாடியை எடுத்து இருபது வருஷமாகிறது. ஆபீஸில் எல்லாருக்கும் அவன் 'சார்', கம்பெனியின் சொந்தக்காரன். எனக்கு வகுப்புத் தோழன். குளத்தின் மேல் விரலை வைத்து, "இவ்வளவு பெருசா? இதுல ரெண்டு மனை போடலாமே" என்றான்.

"போடலாம். தண்ணிய எங்க போடுறது?"

சிரித்தான். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

முடியவில்லை. மனைகளை விற்கப்போகிறவர் இன்று நேரில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அந்த இரண்டு மனை வேண்டுமாம். தாடி வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். பெய்கிற மழையில் எத்தனை பங்கு மண்ணில் இறங்காமல் ஓடி வரும் என்பதற்கு நான் போட்டிருப்பது 0.65. அதை 0.45 ஆக்கினால் குளம் பாதியாகச் சுருங்கிவிடும். "ஒரு எண்ணு தானே" என்கிறான். தாரும் கான்கிரீட்டும் மொட்டைமாடியுமாக மூடப்போகிற நிலம், புல்வெளி மாதிரி தண்ணீரைக் குடிக்குமாம். எண்ணை நான் மாற்றிவிடலாம். மழையிடம் யார் போய்ச் சொல்வது?

"நீ காலேஜ்லயே இப்படித்தான். சர்வேல லெவல் மூணு மில்லிமீட்டர் ஒதைக்குதுன்னு எங்க எல்லாரையும் மறுபடி நடக்க வச்சவ" என்று அவர் முன்னாலேயே சொன்னான். ஆமாம், நடக்க வைத்தேன். அந்த சர்வே நோட்டைப் பார்த்து எழுதித்தான் இவன் பாஸானான். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 7, சனி

ஒருவேளை நான்தான் வீம்பு பிடிக்கிறேனோ என்று சந்தேகம். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூலைக்குக் கீழே பதினொரு பழைய வீடுகள், அவற்றின் கொல்லைச் சுவரை ஒட்டி ஒரு குறுகிய ஓடை. கடைசி வீட்டில் ஒரு தையல்காரம்மா. வரைபடத்துக்காக வந்தேன் என்றதும், கேட்காமலே சுவரைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் ஒரு கறை. மேலே வெறும் காடாக இருக்கும்போதே இந்த அளவு.

அவருடைய மிஷின் கால்மிதி. மோட்டார் வைத்தால் முட்டிவலி குறையுமே என்றேன்.

"வச்சேன்மா. தண்ணில போச்சு. கால் வலிச்சாலும் பரவால்ல, தண்ணி வந்தா அது நம்ம கூடவே எந்திரிச்சு நிக்கும்ல?"

0.65. ஒரு புள்ளி குறைக்க மாட்டேன்.

மார்ச் 9, திங்கள்

கையெழுத்தும் முத்திரையும் போட்டாயிற்று. நகராட்சிக்குத் தானே கொண்டுபோவதாகச் சொன்னான் தாடி. இருபது வருஷத்தில் ஒரு தபாலைக்கூடக் கையில் தூக்காதவன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் என் வியாதி.

மார்ச் 22, ஞாயிறு

தங்கை போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அக்கா, நீ போட்ட லேஅவுட்லயே இடம் புடிச்சாச்சு. உன்கிட்ட முன்னாடியே சொன்னா நூறு கேள்வி கேப்பேன்னு இவரு முடிச்சுட்டுச் சொல்லலாம்னாரு. மூலை மனை. அறுபத்து மூணு."

எத்தனை என்று மறுபடி கேட்டேன்.

"அறுபத்து மூணு. ஏன்?"

என் வரைபடத்தில் அறுபத்து இரண்டுதான்.

மார்ச் 23, திங்கள்

காலையில் நேரே நகராட்சிக்கு. கவுண்டரில் இருந்த உதவியாளர் நல்ல மனிதர்தான். செட்டை எடுத்துக் கொடுத்தார். கூடவே இருபத்து மூன்று குறைகளின் பட்டியல். வடக்குக் குறி சிறியது. ஓரத்தில் விட்ட இடம் போதாது. தலைப்பு எழுத்து தடிமனாக இல்லை. பதினேழாவது குறை: முதல் ஷீட்டின் அட்டவணையில் அறுபத்து இரண்டு மனை, ஒன்பதாம் ஷீட்டில் அறுபத்து நான்கு.

"எல்லாத்தையும் அறுபத்து நாலா மாத்திக் குடுத்துடுங்க மேடம், வேலை முடிஞ்சுது" என்றார்.

ஒன்பதாம் ஷீட் என்னுடையதில்லை. குளம் மெலிந்து ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே என் கையெழுத்து! கடிதங்களுக்காகக் கம்ப்யூட்டரில் வைத்திருந்த படத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவன் குளத்தையே மறைத்திருக்கிறான்.

அதையாவது ஒழுங்காகச் செய்தானா? ஒன்பதை மாற்றியவன் பதினொன்றைத் தொடவில்லை. பதினொன்றில் வடிகாலின் நீள வெட்டு, அதாவது அது எந்த மட்டத்தில் தொடங்கி எங்கே இறங்குகிறது என்ற பக்கவாட்டுப் படம். அதில் வடிகால் இன்னும் என் பழைய குளத்துக்குள்தான் போய் முடிகிறது, 41.20 மீட்டர் மட்டத்தில். அந்த இடத்தில் இப்போது இருப்பது மனை எண் 63. அறுபது வீட்டு மழையும் நேராகப் போய் என் தங்கையின் கூடத்தில் இறங்கும்.

வடக்குக் குறியை ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார்கள். இதைப் பார்க்க ஒருத்தனுக்கும் கண்ணில்லை. இந்த ஆபீஸுக்கு என்னதான் வேலை? எனக்கு என்ன வேலை? மடிக்கிறதா?

மார்ச் 24, செவ்வாய்

தாடியிடம் கேட்டேன். மறுக்கக்கூட இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னான். டீ வரவழைத்தான்.

"உன் தங்கச்சிக்குத்தானே மூலை மனை குடுக்கச் சொன்னேன். நல்லது பண்ணா அதுலயும் குத்தமா?"

அப்படியானால் தெரிந்தேதான். அவள் வாங்கிவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்ற கணக்கு. இந்தக் கணக்கை மட்டும் எவ்வளவு சரியாகப் போடுகிறான்.

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

மார்ச் 25, புதன்

இன்று எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும்.

மார்ச் 27, வெள்ளி

நகராட்சிக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். ஒன்பதாம் ஷீட்டில் இருப்பது நான் போட்ட கையெழுத்து இல்லை. மொத்தச் செட்டிலிருந்தும் என் பெயரை விலக்கிக்கொள்கிறேன். இரண்டு பத்தி. நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். உதவியாளர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். இனி இந்த ஃபைலில் யார் கையெழுத்துப் போட்டாலும், வடிகால் கணக்கை நானே சரிபார்த்தேன், தண்ணீர் புகுந்தால் நானே பொறுப்பு என்று தனியாக எழுதித்தர வேண்டியிருக்கும் என்றார். அப்படி ஒரு விதி முன்பே இருந்ததாம். யாரும் கேட்பதில்லையாம்.

கணவர் கணக்கு வாத்தியார். சாயங்காலம் நகலைப் படித்துவிட்டு, "ஒரு எழுத்துப் பிழை கூட இல்ல. வேலை போறது உறுதி" என்றார். பிறகு அவரே பாத்திரம் கழுவினார்.

மார்ச் 29, ஞாயிறு

தங்கையும் அவள் கணவரும் வந்தார்கள். பதினொன்றாம் ஷீட்டின் நகலை விரித்துக் காட்டினேன். மாப்பிள்ளை அதைப் பார்க்கவே இல்லை. சில பேருக்குக் கூடப் பிறந்தவள் நல்லா இருந்தால் பொறுக்காது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கிளம்பும்போது தங்கை செருப்பை மாட்டிக்கொண்டே, "எல்லாரும் தப்பு, நீ ஒருத்திதான் சரி. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தானேக்கா?" என்றாள்.

அது முழுப் பொய்யும் இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னான் தாடி. என் மேஜைமேல் ஏற்கெனவே வேறொருவரின் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஸ்கேல், பேனா, கால்குலேட்டர், ஒரு சால்வை. இருபத்தோரு வருஷம் ஒரு துணிப்பையில் அடங்கிவிட்டது, அதிலும் பாதிப் பை காலி.

ஏப்ரல் 21, செவ்வாய்

மூன்று இடங்களில் வேலைக்குக் கேட்டேன். ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: "உங்க வேலை பத்தி சந்தேகமே இல்ல மேடம். உங்க கடிதம் பத்திதான் எல்லாரும் பேசுறாங்க." திருடினவன் ஆபீஸில் ஏசி ஓடுகிறது. கூவினவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கை போனை எடுப்பதில்லை.

மே 12, செவ்வாய்

பழைய ஆபீஸில் படம் வரைகிற பெண் கடைவீதியில் பார்த்துப் பேசினாள். அந்தப் பொறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட ஒருவரும் தயாரில்லையாம். என் மேஜைக்கு வந்தவர் தனக்கு அனுபவம் போதாது என்று சொல்லிவிட்டாராம். அனுபவம் இல்லாதவருக்கு இருக்கிற புத்தி!

ஜூன் 4, வியாழன்

லேஅவுட்டுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டு நகராட்சிக்குப் போனேன். யாரை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினான் என்று தெரிந்துகொள்ளத்தான். படியேறும்போதே மனதுக்குள் இன்னொரு கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

உதவியாளர் செட்டை விரித்தார். அறுபத்து இரண்டு மனை. ஒன்பதாம் ஷீட் என்னுடையது, கோட்டுக்குக் கோடு. குளம் முழு அளவில் இருக்கிறது. 0.65. பதினொன்றில் வடிகால் 41.20-இல் குளத்துக்குள் இறங்குகிறது. என் பெயர் எங்கேயும் இல்லை. பதினான்கு ஷீட்டிலும் தாடியின் கையெழுத்து, புத்தம் புதிய முத்திரை. பொறுப்புக் கடிதத்திலும் அவனேதான்.

என் பெயர் இருந்தவரை குளத்தைச் சுருக்கலாம். அவன் பெயர் வந்ததும் முடியவில்லை.

அந்த நிமிஷம் வந்த கோபம் மார்ச்சில்கூட வரவில்லை. ஷீட்டுகளை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் தங்கையே போன் செய்தாள். மனை இல்லை என்று அவர்களுக்கும் சொல்லிவிட்டார்களாம்.

"அப்ப அந்த எடத்துல என்னதான் வருது?"

"குளம்."



"எவ்வளவு ஆழம்க்கா?"

"ஒன்றரை மீட்டர்" என்றேன்.

"என் தலை வரைக்கும் வரும்" என்றாள்.