குரங்குக்குத் தெரிந்த சோறு

செவ்வாய்க்கிழமை, மழை இல்லை.

அவசரகாலம் என்று தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு நாலு மாதம்தான் ஆகிறது. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று சோற்றை வெளியே கொண்டுபோகவும் தடை. ரப்பர் மரத்தில் மாட்டிய தூக்குச்சட்டியைத் திறந்து தின்ற குரங்குகளுக்குப் பிழைப்பு போனது. இப்போது காலையில் புலாவ் செபாங் ஸ்டேஷனில் ரயில் கூவும் நேரத்துக்கு, எங்களைச் சோதித்து வெளியே விடும் வேலி கேட்டுக்கே வந்துவிடுகின்றன. பிடிபட்ட சோற்றை அங்கேதான் கொட்டுகிறார்கள்.

பெண்களைச் சோதனை போடுவது என் வேலை. இன்று மரம் வெட்டப் போகும் லெட்சுமி அக்காவின் ரப்பர் பால் வாளியைப் பார்த்தேன், இடுப்பைத் தடவினேன், போகச் சொன்னேன். வேலி மேலிருந்த குரங்குகள் மற்றவர்களை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போயின. ஒன்று அவர் தலைக்கட்டைப் பிடித்து இழுத்தது. அக்கா கல்லெடுத்து விரட்டினார்.

காவலுக்கு நின்ற போலீஸ்காரத் தம்பி கேட்டான்.

"என்ன சின்னம்மா, தலக்கட்ட பாத்தீங்களா?"

"பாத்தாச்சு லா தம்பி."

பார்க்கவில்லை. மூன்று வாரமாகவே பார்ப்பதில்லை. அக்காவின் புருஷன் காணாமல் போய் ஒரு வருஷம் ஆகிறது. சோறு யாருக்கு என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இப்போது அவரை எச்சரிக்க எப்படிப் பேச்சை எடுப்பது?

தம்பி குரங்குகளையே பார்த்துக்கொண்டு நின்றான். நாளைக்கு அவன் என் கையைப் பார்க்க மாட்டான். அவை யார் பின்னால் போகின்றன என்றுதான் பார்ப்பான்.