நோட்டட் வித் தேங்க்ஸ்

டிசம்பர் 2, செவ்வாய்
பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஆபீசில் எனக்குத் தந்த பழைய கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்துவிட்டு டீ குடித்து வரலாம். அதனால் லினக்ஸ் ஏற்றி, 'மட்' என்ற மெயில் புரோகிராமுக்கு மாறிவிட்டேன். கறுப்புத் திரை, வெறும் எழுத்து. பறக்கிறது.
"ஏம்மா ஜனனி, கம்ப்யூட்டர் செத்துப்போச்சா?" என்றார் சீனியர் மெர்ச்சண்டைசர் ஜெபக்குமார் அண்ணன். சிரித்து வைத்தேன்.

டிசம்பர் 4, வியாழன்
சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் எதைக் கேட்டாலும் எங்கள் பதில் ஒன்றுதான்: "நோட்டட் வித் தேங்க்ஸ்." 'குறித்துக்கொண்டோம், நன்றி' என்று நாங்கள் மரியாதைக்குப் போடுகிறோம், அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் தையல் லைனுக்கு ஞாயிறு லீவு போகிறது. நானும் அதே ரகம்தான் – எதற்கும் "சரிங்க".
இன்று ஷெல் ஸ்கிரிப்ட் என்ற குட்டி புரோகிராம் ஒன்று எழுதினேன். நான் அனுப்பும் மெயில் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். 'நோட்டட்' இருந்தால் நிறுத்தி, "யாரைக் கேட்டாய்?" என்று காட்டும். நான் யாரைக் கேட்டேனோ அவர் பெயரை மெயிலின் தலையில் எழுதினால், அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பும்.

டிசம்பர் 5
எல்லா மெயிலும் நிற்கிறது! கீழே தொங்கும் பழைய மெயில்களிலும் அதே சொல். > குறியில் தொடங்கும் அந்தப் பழைய வரிகளைப் பார்க்காமல் விடச் சொன்னேன். சரியாகிவிட்டது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 11, வியாழன்
ஜனவரி 24 ஷிப்மென்ட்டை 17க்குக் கேட்கிறார் பையர். பொங்கல் வாரம்.
"நோட்டட்னு போடும்மா. பெறகு பாத்துக்கிடலாம்" என்றார் அண்ணன்.
போட்டேன். நின்றது. யாரைக் கேட்டாய்?
"லைன் சீனியம்மா பேரப் போட்டுத் தள்ளு. கம்ப்யூட்டருக்கா தெரியப்போவுது?"
நான் எழுதிய கேள்விக்கு நானே பொய் சொல்வதா?
"கேட்டுட்டு வந்தர்றனுங்ணா." எழுந்துவிட்டேன். நேராகத் தையல் லைனுக்குப் போனேன்.
தையல் லைனை நடத்தும் சீனியம்மாள் அக்கா, மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினார்: "பொங்கலுக்கா? லைன்ல பாதிப்பேரு மதுரை பஸ்ல இருப்பாக தாயி! டிக்கெட்டும் எடுத்தாச்சு. பாதிச் சரக்கு வேணா முன்னாடி தாரேன். மீதி பழைய தேதிதான்."
அதையே எழுதி அனுப்பினேன்.
"ஆர்டர் போச்சுன்னா நீதாம்மா பதில் சொல்லணும்" என்றார் அண்ணன்.
"சொல்றனுங்ணா."
நானா பேசினேன்?

டிசம்பர் 12
பையரிடமிருந்து பதில் இல்லை. பத்து தடவை மெயிலைத் திறந்து பார்த்துவிட்டேன். ஆனாலும் எழுதியது சரிதான்.

டிசம்பர் 15, திங்கள்
காலையில் பையரின் மெயில். ஒரே வரி: "நோட்டட் வித் தேங்க்ஸ்."
ஓடிப்போய்ச் சொன்னேன். லைனே கைதட்டியது.
திரும்பி வந்தால் அண்ணன் என் கறுப்புத் திரையில் குனிந்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.
"அது சரி," என்றார், "இவன் யாரக் கேட்டானாம்?"