நிரோஷா நிப்பாட்டின பாட்டு

சனி, இரவு இரண்டு மணி. வெஸ்ட்லி, ஒஸ்லோ.

பேத்தி நிரோஷா இண்டைக்கு நகரத்திலை ஒரு கிளப்பிலை முதன்முதலாக டிஜேயாக நிண்டு பாட்டுப் போட்டாள். லண்டனிலை பிறந்த 'கராஜ்' எண்ட ஆட்டப் பாட்டாம். மகள் வரமாட்டன் எண்டிட்டாள். "அம்மா, நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ. சரியில்லையெண்டால் இதை விடச் சொல்லுவன்" எண்டு என்னை அனுப்பினாள்.

மேடையிலை எங்கடை பிள்ளை தனிய நிண்டாள். தாளம் நொண்டி நொண்டி ஓடினது, ஆனால் என்ரை கால் சும்மா இருக்கேல்லை. நல்லாப் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டிலை சனம் திடீரெண்டு கத்திச் சுவரிலை அடிச்சுது. பிள்ளை பாட்டை நிப்பாட்டிப்போட்டாள். எங்கடை கோயில் பாட்டுக்குழுவிலை பாட்டு நடுவிலை நிண்டால் மானம் போச்சு. நான் எழும்பி, "பிள்ளையை ஏசாதையுங்கோ!" எண்டு தமிழிலையே கத்தினன்.

பக்கத்திலை நிண்ட அவளின்ரை சிநேகிதிக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு. "அம்மம்மா, இருங்கோ! பிடிச்சபடியால்தான் கத்துகினம். முதலிலையிருந்து திரும்பப் போடட்டாம்."

அதே பாட்டு திரும்பத் தொடங்கினது. இந்த முறை நானும் கத்தினன். அவள் நிப்பாட்டேல்லை. எத்தினை பேர் கத்தினால் நிப்பாட்டுவாள் எண்டு நாளைக்குக் கேக்கவேணும்.

வீட்டிலை மகள் முழிச்சிருந்தாள். "என்னம்மா, எப்பிடி?"

"அடுத்த முறை நீயும் வா. என்ரை குரல் மட்டும் போதாது" எண்டன்.