ரயில் அரசாங்கத்தின் கைக்குப் போகிறது, அண்ணை

என்னோடு கடைசி வரைக்கும் ஒத்துப்போகாத என் அருமை அண்ணை,

நீங்கள் கேட்க ஆசைப்பட்ட செய்தியை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ரயில்களை அரசுடைமையாக்கும் சட்டம் லண்டன் பாராளுமன்றத்தில் வென்றுவிட்டது. ஒப்பந்தங்கள் முடிய முடிய ஒவ்வொரு கொம்பனியாக அரசாங்கத்தின் கைக்கு வருமாம்.

கடையில் நின்றபடி கைபேசியில் பார்த்தேன். எம்பிமார் எழும்பி வரிசையாக நடந்துபோய் வாக்களித்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் யார் எந்தப் பக்கம் போகிறார், ஏன் போகிறார் என்று விளக்கம் சொல்லியே என் வியாபாரத்தைக் கெடுத்திருப்பீர்கள்.

அகதியாக வந்து ரயிலில் கார்ட் வேலை எடுத்த நாள் முதல் உங்களுக்கு இதே பேச்சு. கொம்பனி மாற மாற உங்கள் கோட்டின் நிறம்தான் மாறியது, ரயில் பிந்துவது மாறவில்லை என்பீர்கள். நானோ குரோய்டன் ஸ்டேசன் மேடையில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவன். அரசாங்கம் எடுத்தால் எல்லாம் நித்திரையாகிவிடும் என்பது என் கட்சி. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் இந்தச் சண்டை வராத வாரம் உண்டா? "ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ" என்று மச்சாள் கறிச்சட்டியை நடுவில் வைத்தால்தான் ஓய்வோம்.

ஆனால் இந்தமுறை எனக்கு அது வெறும் வாதமாக இல்லை. கடையை வாடகைக்குத் தந்திருப்பது ரயில் கொம்பனி. அது போனபின் இடம் என்னிடம் இருக்குமா என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. மனேஜர் "பார்ப்போம்" என்கிறார். இந்த வயதில் நான் வேறு என்ன தொழிலுக்குப் போவேன்? உங்கள் வெற்றியைக் கேட்ட கையோடு வாடகைப் பத்திரத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசித்தேன், அண்ணை.

அந்த நேரம் பார்த்து மச்சாள் போன் எடுத்தார். "தம்பி, சனிக்கிழமை கோயிலுக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போறீரோ? சட்டம் வெண்டிட்டுதாம், அதோட ஒரு நேர்த்திக்கடன் இருக்கு. எனக்குக் கை ஏலாது, தேங்காயை நீர்தான் அடிக்கோணும்."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. என் கடைக்கு வேட்டு வைக்கிற சட்டம் வென்றதற்கு நானே தேங்காய் அடிப்பதா? ஆனாலும் உங்கள் மனைவி கேட்டு நான் எதற்கு மாட்டேன் என்றிருக்கிறேன்? வால்தம்ஸ்டோவுக்குப் போய் அவரை ஏற்றிக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போனேன்.

தேங்காயை ஓங்கிய பிறகும் வாய் சும்மா இருக்கவில்லை. "மச்சாள், அண்ணை கோயிலுக்கு அன்னதானத்துக்கு மட்டும் வாற ஆள். நீங்கள் நேர்த்தி வைச்சதைக் கேட்டால் சிரிப்பார்."

"நான் வைக்கேல்லை. அவர் வைச்சது" என்றார்.

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரியில கிடக்கேக்க சொன்னவர். சட்டம் எப்பிடியும் வெல்லும், அதுக்குச் சாமி தேவையில்லை. ஆனா வெண்டாப் பிறகு தம்பியின்ர கடைக்கு என்ன நடக்குமோ தெரியாது, கடை தப்பினா ஒரு தேங்காய் அடிப்பியும் எண்டவர். தனக்குச் சாமியில நம்பிக்கை இல்லை, தம்பிக்கு இருக்குத்தானே எண்டும் சொன்னவர்."

"கடை இன்னும் தப்பேல்லையே, மச்சாள்?"

"அதுக்கென்ன? பிள்ளையாருக்கு இப்பவே ஞாபகப்படுத்தி வைப்பம். அடியும்."

அடித்தேன். சனம் பார்க்கப் பார்க்க அங்கேயே நின்று அழுதேன். மச்சாள் சீலைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைத்தார்.

இந்தச் சட்டத்துக்காகக் குளிரில் பதாகை பிடித்துக்கொண்டு நின்ற நீங்கள், அதே சட்டத்திடமிருந்து என் கடையைக் காப்பாற்றச் சொல்லிப் பிள்ளையாரிடம் கேட்டீர்களா? என்னிடம் ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? சொன்னால் ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில் நான் வென்றுவிடுவேன் என்றா?

அரசாங்கம் எடுத்தால் எல்லாம் சரிவரும் என்று நான் இப்போதும் நம்பவில்லை. செத்துப்போனீர்கள் என்பதற்காக உங்களுக்குப் பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். கடை இருந்தாலும் போனாலும் அந்த மேடைக்குப் போய் நிற்பேன். ரயில் பிந்தினால் உங்களைத்தான் ஏசுவேன். நேரத்துக்கு வந்தால், "நீங்கள் சொன்னதுதான் சரி, அண்ணை" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லுவேன். நீங்கள் இருந்த காலத்தில் என் வாயிலிருந்து ஒருதரம்கூட வராத சொல் அது.

வாதம் இன்னும் முடியாத,
உங்கள் ஒரே தம்பி